நூலகத்தில் மழலையர் அவை: விளையாட்டின் வழியே எழுத்தறிவு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

    

நமது நூலக அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அஸர் தொழுகைக்குப் பின் நடந்துவரும் மழலையர் அவையைக் குறித்து விளக்கிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. இன்றைய கூட்டத்தின் தீர்மானப் பட்டியலில் அந்த அறையைப் பற்றிய விவாதம் ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஒருவர் அவ்வறையைச் சரக்கு வைக்க வாடகைக்குக் கேட்கிறார். நூலகத்தில் குழந்தைகள் போடும் இரைச்சல் முறையன்று என்றும் சிலர் கருதுகிறார்கள். ஆகவே, அறையை வாடகைக்கு விடுவதா, அவையைத் தொடர்வதா என்பதை இன்று நீங்கள் முடிவு செய்ய இருக்கிறீர்கள். முடிவு உங்களுடையது. முடிவெடுக்கும் முன், அங்கே என்ன நடக்கிறது, அது ஏன் நடக்கிறது என்பதை எடுத்துச் சொல்வது நமது கடமையாகும்.

நமது தவறு ஒன்று

பிறரைப் பற்றிச் சொல்வதற்கு முன் நம்மைப் பற்றியே சொல்லிவிடுகிறோம். நூலகச் சுவரில் ‘அமைதி காக்கவும்’ என்ற பலகையை மாட்டியவர் வேறு யாருமல்லர், நாம்தான். சில ஆண்டுகளுக்கு முன், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அண்ணனுடன் நூலகத்திற்கு வந்தான். கீழ்த்தட்டிலிருந்த படப் புத்தகம் ஒன்றை இழுத்தான், பக்கம் கிழிந்தது. நாம் குரலை உயர்த்திக் கண்டித்தோம். “புத்தகத்தைத் தொடும் வயதா உனக்கு? படிக்கத் தெரிந்த பிறகு வா” என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டோம். அவன் அழவில்லை. ஆனால் அதன் பின் நூலகத்தின் பக்கமே அவன் வரவில்லை.

அதே பிள்ளை பின்னர் நமது மக்தபில் சேர்ந்தான். மாஷா அல்லாஹ், நல்ல குரல். மக்ரஜ் பிசகாமல் ஓதுவான். ஒரு நாள் அவனது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அறிவிப்புத் தாளை அவனுடைய உம்மா எம்மிடம் கொண்டுவந்து, “இதில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள் ஹஜ்ரத், எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார்கள். அப்போது அவன் நான்காம் வகுப்பு. “நீயே உம்மாவுக்குப் படித்துக் காட்டேன்” என்று அவனிடம் தாளைக் கொடுத்தோம். அவன் தாளைப் பார்த்தான், எம்மைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். முதல் வரியிலிருந்த மூன்று சொற்களைக்கூட அவனால் கூட்டிப் படிக்க இயலவில்லை.

‘படிக்கத் தெரிந்த பிறகு வா’ என்று அவனை அனுப்பியவர் நாம். படிக்கத் தெரிவதற்கான வழியே அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்தான் இருந்தது என்பது அன்று நமக்கு விளங்கவில்லை. அவன் படிக்காமல் போனதற்கு நாம் ஒருவரே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மறுமையில் அந்தப் பிள்ளையைப் பற்றி நம்மிடம் கேட்கப்பட்டால், நம்மிடம் பதில் இல்லை. மழலையர் அவை இந்த வருத்தத்திலிருந்து பிறந்தது என்பதை உங்கள் முன் ஒளிவின்றிச் சொல்லிக்கொள்கிறோம்.

எழுத்துக்கு முன்னர் செவி

பிள்ளை எழுத்தறிவு பெறுவது முதலாம் வகுப்பில் அரிச்சுவடியைத் திறக்கும் நாளில் தொடங்குகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது தாயின் மடியிலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இரு பிரிவுகள் 2004-ஆம் ஆண்டு தொடங்கி, 2011-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட ஒரு திட்டம் இதற்கு ஐந்து வழிகளைச் சொல்கிறது: குழந்தையோடு பேசுதல், பாடுதல், வாசித்துக் காட்டுதல், எழுதுதல், விளையாடுதல். அந்நாட்டு நூலகங்கள் பலவற்றில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய குழந்தைகளுக்காக நடக்கும் நிகழ்ச்சிகள் இந்த ஐந்தையும் அடிப்படையாகக் கொண்டவை.

இந்த ஐந்தில் நமக்குப் புதியது எது? நம் வாப்பும்மாமார்கள் தொட்டிலருகே தாலாட்டுப் பாடினார்கள். சோறூட்டும்போது காக்கையைக் காட்டிப் பேசினார்கள். இரவில் நபிமார்களின் வரலாற்றைக் கதையாகச் சொன்னார்கள். இன்று அந்த நேரத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. கைப்பேசி பேசும், ஆனால் குழந்தை பேசினால் அது காத்திருந்து கேட்காது. குழந்தைக்குச் சொல் பெருகுவது, தான் சொன்னதற்கு ஒருவர் மறுமொழி சொல்லும்போதுதான்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது நன்றாகவே விளங்கவேண்டும். மக்தபில் ஒரு பிள்ளையை முதலில் எப்படி ஓத வைக்கிறோம்? உஸ்தாத் ஓதிக் காட்டுகிறார், பிள்ளை கேட்கிறது, கேட்டதைத் திருப்பி ஓதுகிறது. எங்கே நீட்டவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கண்ணுக்கு முன்னர் காது கற்றுக்கொள்கிறது. அரபியில் இதயத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காஃப் என்று நாம் எழுதும் இரு எழுத்துகளின் ஒலி வேறுபாட்டைச் செவி பிரித்தறியாவிட்டால் பொருளே மாறிவிடுகிறது.

தமிழும் அப்படித்தான். கல் வேறு, கால் வேறு. படம் வேறு, பாடம் வேறு. பனி, பணி; கலை, களை; இவற்றையெல்லாம் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து எளிதாகும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை உடையது நம் மொழி. ஒலி பழகாத பிள்ளையின் முன் இத்தனை வடிவங்களையும் பரப்பி வைத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் அது மலைத்துவிடும். கப்பல், கடல், கத்தரிக்காய் ஆகிய மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்பதை விளையாட்டாகக் கண்டுபிடித்த பிள்ளை, பின்னர் ‘க’ என்னும் எழுத்தைப் பார்க்கும்போது, ஏற்கெனவே அறிமுகமான ஒருவரைப் பார்ப்பதுபோல் மகிழ்கிறது.

கைக்கும் இதில் பங்குண்டு. மண்ணில் விரலால் எழுதிப் பழகுவது நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இராணுவ வீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே அது அங்கே பரவியது. 1907-இல் ரோம் நகரில் மழலையர் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, குழந்தைகளை விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். நம் மண்ணில் பிறந்த ஒரு வழக்கத்தை நாம் மறந்துவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்கிறோம்.

மார்க்கம் விளையாட்டை வெறுக்கிறதா?

“பள்ளிவாசல் வளாகத்தில் விளையாட்டா?” என்று ஒரு பெரியவர் வருத்தத்துடன் கேட்டார்கள். அவர்களது வருத்தத்தில் பள்ளியின் மீதுள்ள மரியாதை இருக்கிறது; அதை நாம் மதிக்கிறோம். நூலக அறை தொழுகை இடத்திற்கு வெளியே, தனி வாசலுடன் இருப்பது என்பதையும், தொழுகை நேரத்தில் அவை நடப்பதில்லை என்பதையும் முதலில் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு மேல், பெருமானார் (ஸல்) அவர்கள் குழந்தைகளிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது, பிள்ளையின் ஆசை தீரும்வரை ஸஜ்தாவை நீட்டியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுவித்தவர்கள். பின்வரிசையில் குழந்தை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கியவர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர், தான் வளர்த்த சிறு குருவி இறந்துபோன துக்கத்தில் இருந்தபோது, அந்தக் குருவியைப் பற்றி, குழந்தைக்குப் பிடிக்கும் வண்ணம் ஓசை நயத்துடன் விசாரித்தவர்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களைப் பற்றி அபூதாவூத் நூலில் வரும் செய்தியையும் அறிவோம். பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. அது என்ன என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்தார்கள். ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, நபி (ஸல்) அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கேள்வி கேட்டார்கள், விடை வரும்வரை பொறுத்தார்கள், விடையை மகிழ்ந்து ஏற்றார்கள். படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு குழந்தையுடன் பேசும் முறையும் இதுவே. சிறாரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதி அளித்திருப்பதால், கற்பிக்கும் நோக்கிலான படப் புத்தகங்களைக் குறித்தும் நாம் அச்சப்படத் தேவையில்லை என்பது எமது கருத்து.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, பிள்ளை மக்தபிலிருந்து திரும்பியதும் களைப்பு நீங்க விளையாட விடவேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்கச் சொன்னால் பிள்ளையின் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும், படிப்பிலிருந்து தப்பிக்க அது தந்திரம் தேடும் என்று எச்சரிக்கிறார்கள். நம் ஊரில் மக்தபுக்கு வராமல் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால், இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எழுத்தறிவின் மதிப்பைப் பற்றி நாம் நீட்டிப் பேசவேண்டியதில்லை. முதல் வஹீயே ஓதுமாறு கட்டளையிட்டது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் பணம் இல்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே பிணைத்தொகையாக விதிக்கப்பட்டது. வறுமை மிகுந்திருந்த அந்நாளில் பணம் வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வற்புறுத்தியிருக்கலாம். பிள்ளைகளின் எழுத்தறிவு பணத்துக்கு ஈடாகும் என்று முடிவு செய்தார்கள். அறையின் வாடகையைப் பற்றி இன்று பேச இருக்கும் நாம் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அவை நடக்கும் முறை

வராதவர்களும் அறியும்பொருட்டு, அவை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையுடனும் உம்மாவோ, ராத்தாவோ, வாப்பும்மாவோ வரவேண்டும். பிள்ளையை மட்டும் விட்டுச்செல்ல அனுமதியில்லை. நடத்துபவர்கள் நம் ஜமாஅத்தின் படித்த சகோதரிகள். கதவு திறந்தே இருக்கும். பொறுப்பாளர்கள் இருவர் எப்போதும் உடனிருப்பார்கள். முக்கால் மணி நேரத்திற்குமேல் நீட்டுவதில்லை.

முதலில் ஸலாம். பின்னர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, அதன் முதல் எழுத்து எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டுகிறார்கள். தன் பெயரின் முதல் எழுத்தைத்தான் குழந்தை மிக விரும்பிக் கற்கிறது. அடுத்து ஒரு கதை. பெரிய படங்களும் சில சொற்களும் உள்ள புத்தகத்தை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்து, சொற்களின் கீழே விரலை ஓட்டியவாறு வாசிக்கிறார்கள். குர்ஆனை வலமிருந்து இடமாகவும் தமிழை இடமிருந்து வலமாகவும் ஓதவேண்டிய நம் பிள்ளைகளுக்கு, விரல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் காட்டுவது மிக அவசியம். “அடுத்து என்ன நடக்கும்?” என்று இடையிடையே கேட்டு, பிள்ளைகளைப் பேசவிடுகிறார்கள்.

அதன்பின் விளையாட்டு மூலைகள். ஒரு மூலையில் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதலாம். இன்னொன்றில் களிமண்ணை உருட்டி எழுத்து வளைக்கலாம். மூன்றாவது, கடை விளையாட்டு. வெறும் பெட்டிகளில் உப்பு, சீனி, பருப்பு, மிளகு என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். ஒரு பிள்ளை கடைக்காரர். மற்றவர் சீட்டு எழுதிக்கொண்டு வந்து சாமான் வாங்குவார். அந்தச் சீட்டில் இருப்பது வெறும் கிறுக்கலாகத்தான் இருக்கும். ஆனால் எழுதினால் அது ஒரு செய்தியைச் சொல்லும் என்பதை அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டுவிட்டது. எழுத்தறிவின் முதற்படி அதுவே. நான்காவது மூலையில் தூண்டிலால் எழுத்து அட்டைகளைப் பிடிக்கலாம். இதற்குக் காந்தம் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிறு காந்தங்களைப் பிள்ளைகள் விழுங்கினால் குடலுக்கே ஆபத்து என்பதால், மழுங்கிய கொக்கியும் பெரிய வளையமும் போதும் என்று முடிவு செய்தோம். வாய்க்குள் போகும் அளவுள்ள மணி, விதை எதுவும் அறைக்குள் வைக்கப்படுவதில்லை.

இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகத்தைத் தேர்ந்து வீட்டிற்கு எடுத்துச்செல்கிறது. கிழிந்தால் தண்டம் கிடையாது. கிழிந்த புத்தகத்திற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதற்குப் ‘புத்தக வைத்தியசாலை’ என்று பிள்ளைகளே பெயரிட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் அவர்கள் முன்னிலையிலேயே அதை ஒட்டிச் சரிசெய்கிறோம். தேர்வு இல்லை, முதல் பரிசு, இரண்டாம் பரிசு இல்லை.

இதில் வேறொரு பயனும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, புத்தகத்தை முகத்தருகே வைத்துப் பார்க்கும் பிள்ளை ஆகியோரை இங்கே எளிதில் கண்டுகொள்ள முடிகிறது. குழந்தைகளின் குறைபாடுகளை இளமையிலேயே கண்டறிய 2013-இல் தேசிய அளவில் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் இதற்கான மையங்கள் இயங்குகின்றன. அங்கே காட்டுமாறு பெற்றோரிடம் தனியே, பிறர் அறியாமல் சொல்கிறோம்.

சில ஐயங்களும் விடைகளும்

“நூலகம் என்றால் அமைதி வேண்டாமா?” என்பது முதல் ஐயம். நம் சீர்காழி மண்ணில் 1892-இல் பிறந்து, இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கானவை என்பதாகும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. நான்கு வயதுப் பிள்ளையும் வாசகரே. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரத்திற்குள்ளாக முடியும் ஓசையை, மற்ற நேரமெல்லாம் அமைதியாக இருக்கும் அறை தாங்கிக்கொள்ளும். சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதிகள் அமைக்கப்பட்டுள்ளன என்பதையும் கவனிக்கவேண்டும்.

“அதைத்தான் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கிறதே?” என்பது இரண்டாவது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் பெரும் பணி செய்கின்றன. பிள்ளைகளை அங்கே தவறாமல் அனுப்புங்கள். ஆனால் கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’யையும் 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் தமிழக அரசே தொடங்கவேண்டி வந்தது. அடிப்படை வாசிப்பிற்குப் பள்ளி நேரம் மட்டும் போதாது, ஊரும் கைகொடுக்கவேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

“ஆங்கிலம் கற்றுக்கொடுத்தால் பயன்படுமே?” என்பது மூன்றாவது. ஆங்கிலத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்குத்தான் பிறமொழியும் எளிதாகும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்று வளர்த்து, தம் பெண்மக்களுக்கு மார்க்கம் கற்பித்தார்கள். பிள்ளைக்குத் தெரிந்த மொழியின் வழியாகவே அறிவைக் கொண்டுசேர்க்கவேண்டும் என்ற அவர்களது விவேகம் நமக்கும் வேண்டும்.

“எனக்கே படிக்கத் தெரியாதே ஹஜ்ரத், நான் வந்து என்ன செய்ய?” என்று ஒரு தாய் கேட்டார்கள். நமக்கு மிகவும் கனமாக இருந்த கேள்வி இதுதான். சொற்களே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து உங்களுக்குத் தோன்றும் கதையைச் சொல்லுங்கள் என்றோம். அந்தச் சகோதரி இப்போது தவறாமல் வருகிறார்கள். மகளுடன் சேர்ந்து அரிசியில் அவர்களும் எழுதுகிறார்கள். சென்ற மாதம் நூலகப் பதிவேட்டில் விரல்ரேகை வைக்காமல், தம் பெயரை எழுதினார்கள். அந்தப் பக்கத்தை நாம் பலமுறை எடுத்துப் பார்த்தோம்.

செலவும் வேண்டுகோளும்

வாடகை வரும் வழியை அடைத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கச் சொல்லவில்லை. இந்த அவைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதை ஆண்டறிக்கையின் கணக்குப் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். அரிசியும் அட்டைப்பெட்டியும் வீடுகளிலிருந்து வந்தவை. நேஷனல் புக் டிரஸ்ட், 1957-இல் ஓவியர் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகியவை பல காலமாகக் குறைந்த விலையில் சிறுவர் நூல்களை வெளியிட்டுள்ளன. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் இணைந்த படப் புத்தகங்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் வழியாகத் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

அரசுக் கிளை நூலகமும் நம்முடையதே. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது பொது நூலகச் சட்டம் 1948-இல் நமது சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. நாம் கட்டும் சொத்துவரியுடன் நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. அங்கே உறுப்பினராகி நூல் எடுப்பது நம் உரிமை. எடுக்காமல் இருப்பது நம் நஷ்டம்.

ஆகவே, ஜமாஅத்தார்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: அறையை வாடகைக்கு விடும் தீர்மானத்தை இவ்வாண்டு நிறுத்தி வையுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் பலனைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு: வீட்டில் குழந்தை பிறந்து அகீகா கொடுக்கும் நாளில், அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு படப் புத்தகத்தை நூலகத்திற்குத் தாருங்கள்.

மூன்று: தந்தையர் மாதம் ஒரு நாளாவது தம் பிள்ளைக்குக் கதை சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் “சாப்பிட்டாயா, படித்தாயா” என்று கேட்பதுடன் நிறுத்தாமல், “இந்த வாரம் என்ன கதை?” என்று கேளுங்கள். மறுமுனையில் பிள்ளை பேசுவதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

நான்கு: படித்த பெண்மக்கள் இன்னும் இருவர் முன்வந்தால், வரும் பிள்ளைகளை வயதுவாரியாக இரு குழுக்களாகப் பிரிக்கலாம்.

முடிவாக, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல். அவை தொடங்கிய பின் நாம் அவனது வீட்டிற்குச் சென்றோம். அன்று கண்டித்ததற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவனுக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை என்றான். நம் மனம் நோகக்கூடாது என்று சொன்னானோ என்னவோ, அல்லாஹ்வே அறிந்தவன். “சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்ய ஆள் வேண்டும், வருகிறாயா?” என்று கேட்டோம். வந்தான். முதலில் சாமான்களை அடுக்கிக் கொடுத்தான். பின்னர் மழலையருக்கான அந்தப் புத்தகங்களையே, யாரும் கேலி செய்யாத இடத்தில், விரலை வைத்து மெல்ல மெல்ல வாசிக்கத் தொடங்கினான். அவன் வயதுக்குரிய நூலை இன்னும் அவனால் வேகமாகப் படிக்க இயலாது. ஆனால் போன ஞாயிறு, தன் மடியில் சாய்ந்திருந்த நான்கு வயதுப் பிள்ளைக்கு, ஒரு கதையை முதலிலிருந்து முடிவுவரை அவனே வாசித்துக் காட்டினான். ‘அமைதி காக்கவும்’ பலகை அவனுக்கு நேர் மேலே இருந்தது. அன்று மாலை அதைக் கழற்றி, அவை நடக்கும் நேரத்தில் திருப்பி மாட்டும்படி மாற்றி அமைத்தோம். பலகையின் மறுபுறம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே என்ன எழுதலாம் என்பதை இந்தச் சபை முடிவு செய்யட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களது நாவையும் செவியையும் கண்ணையும் கரத்தையும் நன்மையில் செலுத்துவாயாக! கல்வி கிட்டாமல் போன எங்கள் தாய்மார்களின் உள்ளக்குறையைத் தீர்ப்பாயாக! அறியாமையால் நாங்கள் விரட்டிய பிள்ளைகளின் விஷயத்தில் எங்களை மன்னிப்பாயாக! இந்த ஜமாஅத்தை ஒற்றுமையுடன் நல்ல முடிவு எடுக்கச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.